மீட்டரை அளப்பது யார்? வட சிலாங்கூரில் சோதனைக் கருவிகளின் பழுதும் திருத்தமும்

1894ஆம் ஆண்டு ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காகத் தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் மின்னாக்கி ஒன்றை நிறுவினார்கள். மலாயாத் தீபகற்பத்தில் மின்சாரம் பயன்பட்டதற்குப் பதிவில் உள்ள முதல் சான்று அதுதான். பத்துமலைக் கோயிலை நிறுவிய அதே தம்புசாமிப் பிள்ளை. அங்கிருந்து மேற்கே, இன்று பெஸ்தாரி ஜெயா என்றும் பழைய ஆட்களின் வாயில் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றும் வழங்கும் ஊருக்கருகே, தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் காப்பி சரிவராத நிலத்தில் செம்பனை நட்டார். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அப்படித் தொடங்கியது. மின்சாரமும் செம்பனையும் இந்த வட்டாரத்துக்கு மற்ற பல இடங்களுக்கு முன்பே வந்துவிட்டன. இன்றைக்குச் செம்பனை ஆலை ஒன்றுக்குள் நுழைந்தால் இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருக்கும். குலையின் நாரையும் ஓட்டையும் எரிக்கும் கொதிகலன், அதன் நீராவியில் சுழலும் டர்பைன், அது தரும் மின்சாரத்தில் ஓடும் மோட்டார்கள், அவற்றை ஆளும் பெட்டிகள், வாசலில் லாரியை நிறுக்கும் எடைமேடை.

இத்தனைக்கும் நடுவே, ஆலையின் மின்சாரத்தைக் கவனிக்கும் சார்ஜ்மேனின் பையில் ஒரு மல்டிமீட்டர் கிடக்கும். கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் கடைத்தெருக்களில் தொலைக்காட்சி, துணிதுவைக்கும் இயந்திரம், நெல்வயல் பம்பு ஆகியவற்றைப் பழுதுபார்ப்பவர்களின் மேசையில் இன்னொன்று இருக்கும். தொழிற்கல்விப் பட்டறைகளில் வரிசையாகச் சான்வா ஊசி மீட்டர்கள் இருக்கும். ஒரு மோட்டாரின் உயிரையும் சில வேளை ஒரு மனிதனின் உயிரையும் முடிவுசெய்வது அவை காட்டும் எண்தான். அந்த எண் சரிதானா என்று யார் பார்க்கிறார்கள்? கெட்டுப்போனால் யார் சரிசெய்கிறார்கள்? சரிசெய்தபின் அது உண்மையைத்தான் சொல்கிறது என்று யார் உறுதி தருகிறார்கள்? மூன்றும் வேறு வேறு கேள்விகள். நம் வட்டாரத்தில் மூன்றுக்கும் ஒரே பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது: "எரியுதே, ஓடுதே, போதும்."

போதாது என்பதுதான் என் கட்சி. ஏன் போதாது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பழுதுபார்ப்பு என்பது ஓடாததை ஓடவைப்பது. கேலிப்ரேஷன் என்று தொழிலில் சொல்லும் அளவுத்திருத்தமோ முதலில் ஓர் ஒப்பீடு. உண்மை அளவு தெரிந்த ஒன்றை மீட்டருக்குக் கொடுத்து, அது என்ன காட்டுகிறது, எவ்வளவு விலகுகிறது, அந்த விலகலை நாம் எந்த அளவு உறுதியோடு சொல்ல முடியும் என்று எழுதிவைப்பது. விலகல் எல்லை மீறியிருந்தால் மட்டும் அடுத்த வேலையாகச் சரிக்கட்டுவார்கள். சரிக்கட்டும் முன் என்ன காட்டியது, பின் என்ன காட்டியது என்ற இரண்டையும் நல்ல ஆய்வகம் பதிவுசெய்யும். முதல் எண் முக்கியம். சென்ற ஓராண்டு அந்த மீட்டரை நம்பி எடுத்த முடிவுகளில் எவை பிழை என்று அதை வைத்துத்தான் திரும்பிப் பார்க்க முடியும்.

திரை எரிந்து, எண் ஓடி, பஸ்ஸர் ஒலித்தும் ஒரு மீட்டர் 400 வோல்ட்டை 380 என்று காட்டலாம். பார்ப்பவருக்கு எந்தச் சந்தேகமும் வராது. கெட்டுப்போன மீட்டரைவிட அதுவே எனக்குப் பெரிய பயம். கெட்ட மீட்டரை மூலையில் வைத்துவிடுவோம். தப்பாகக் காட்டும் மீட்டரைக் கையிலேயே வைத்திருப்போம்.

எவ்வளவு விலகல் தாங்கும்? மலிவான நல்ல மீட்டர் ஒன்றின் கையேட்டில் நேர்மின்னழுத்தத்துக்குப் பிழை 0.5 விழுக்காடும் கடைசி இலக்கத்தில் 2 எண்ணும் என்று போட்டிருந்தால், 20 வோல்ட் வரம்பில் அது 10.00 என்று காட்டும்போது உண்மை 9.93க்கும் 10.07க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். இது மீட்டர் புதிதாக, குளிர்சாதன அறையில் இருக்கும்போது. பல கருவிகளின் கையேட்டில் இன்னொரு வரியும் உண்டு. அதை யாரும் படிப்பதில்லை. 18 பாகைக்குக் கீழும் 28 பாகைக்கு மேலும் போனால், ஒவ்வொரு பாகைக்கும் சொன்ன பிழையில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆலையின் கொதிகலன் பக்கத்தில் 36 பாகை என்பது சாதாரண நாள். எட்டு பாகை கூடினால் பிழை எல்லை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. மீட்டர்கள் 23 பாகை அறையை மனத்தில் வைத்து உருவானவை. நம் தோட்டங்களில் அப்படியொரு அறை மேனேஜர் அலுவலகத்தில்தான் இருக்கும்.

வெப்பத்தைவிட ஈரம் கொடியது. கடலோரக் கோலசிலாங்கூரில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. நல்ல மல்டிமீட்டரின் உள்நுழைவுத் தடை 10 மெகாஓம். அவ்வளவு பெரிய தடையின் பக்கத்தில், அட்டையின்மேல் படிந்த ஈரமும் தூசும் பற்றுவைப்பில் மிஞ்சிய பிசினும் சேர்ந்து ஒரு மெல்லிய கள்ளப் பாதையைத் திறந்துவிடும். மின்னோட்டம் அதன்வழி கசியும். காலையில் ஒன்று காட்டும் மீட்டர் மழை பெய்த மாலையில் வேறொன்று காட்டுவது பெரும்பாலும் இதனால்தான். பூசணம் பிடிக்கிறது. எறும்பு கூடு கட்டுகிறது. ஆலைகளில் எண்ணெய் ஆவியும் நாரின் தூசும் சேர்ந்து சுழல் சுவிட்சின் தொடுமுனைகளில் பசைபோல் படிகின்றன. ஓம் வரம்பில் எண் தாண்டவமாடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தச் சுவிட்சை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த தூரிகையால் துடைத்து உலரவிட்டால் பாதிப் பழுது தீர்ந்துவிடும். கசியும் பேட்டரி இன்னொரு நிரந்தர நோய். பள்ளி விடுமுறையில் பட்டறை அலமாரியில் பேட்டரியோடு பூட்டிவைத்த மீட்டர்கள் அப்படித்தான் அழிகின்றன. விடுமுறைக்கு முன் பேட்டரியைக் கழற்றுவதற்கு ஒரு காசு செலவில்லை.

இடி இருக்கவே இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கும் அதன் சுற்றுவட்டாரமும் உலகில் இடி அதிகம் விழும் பகுதிகளில் சேர்ந்தவை. தோட்டத்து நீண்ட மின்கம்பி வரிசைகளில் வரும் அதிர்ச்சியை மீட்டரின் உள்நுழைவுப் பாதுகாப்பு ஒரு முறை தாங்கும், இரண்டு முறை தாங்கும். அந்தப் பாதுகாப்புத் துண்டுகள் ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் தேய்கின்றன. வெளியே ஒரு கீறலும் இல்லாமல் மீட்டரின் அளவு நகர்ந்திருக்கும்.

பழுதுபார்ப்பில் எனக்குப் பொறுக்கவே முடியாதது ஃபியூஸ் விஷயம். நல்ல மீட்டரில் ஆம்பியர் அளக்கும் பாதையில் 1000 வோல்ட்டைத் தாங்கும் பீங்கான் ஃபியூஸ் இருக்கும். உள்ளே மணல் நிரப்பியது, விலை அதிகம். அது எரிந்தால் கடையில் கிடைக்கும் 250 வோல்ட் கண்ணாடி ஃபியூஸையோ, இன்னும் மோசமாக ஒரு கம்பித் துண்டையோ வைத்துவிடுகிறார்கள். மீட்டர் ஓடுகிறது, வாடிக்கையாளர் மகிழ்கிறார். பிறகொரு நாள் யாரோ ஒருவர் கம்பியை ஆம்பியர் துளையிலேயே மறந்து விட்டுவிட்டு மூன்று கட்ட மின்சாரத்தில் முனையை வைக்கிறார். கண்ணாடி ஃபியூஸ் அந்த மின்வில்லை அணைக்காது. மீட்டர் கையிலேயே வெடிக்கும். ஃபியூஸின் அளவை மாற்றிப் போட்ட பழுதுபார்ப்பைப் பழுதுபார்ப்பு என்று நான் ஏற்கமாட்டேன். அது பொறி வைப்பது.

இன்னொரு வழக்கம் திருகுவது. பழைய மீட்டர்களுக்குள் சின்னச் சின்னத் திருகு மின்தடைகள் இருக்கும். இரண்டு மீட்டர்கள் ஒத்துப்போகவில்லை என்றால், பழையதைத் திறந்து புதியதோடு ஒத்துவரும்வரை திருகிவிடுவார்கள். புதியது சரி என்று யார் சொன்னது? அதைவிட, ஒரு வரம்பைத் திருகினால் அதைச் சார்ந்த மற்ற வரம்புகளும் நகரும். அதற்கென்று ஒரு வரிசைமுறை சேவைக் கையேட்டில் இருக்கும். இப்போதைய மீட்டர்களில் திருகுகள் மறைந்துவிட்டன. திருத்த எண்கள் நினைவகச் சில்லில் உட்கார்ந்திருக்கின்றன. மேசைமேல் வைக்கும் பழைய உயர்ரகக் கருவிகள் சிலவற்றில் அந்த நினைவகத்தை ஒரு சிறு பேட்டரி காப்பாற்றிவரும். அது தெரியாமல் பேட்டரியைக் கழற்றினால், பல ஆண்டுத் திருத்தமும் ஒரே நொடியில் அழியும். கருவி எரியும், எண் காட்டும், ஆனால் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இருக்காது.

இனி, உறுப்புகளைச் சோதிக்கும் கருவிகள். ரெசிஸ்டர், காயில், கெப்பாசிட்டர் மூன்றையும் அளக்கும் எல்.சி.ஆர். மீட்டர் பற்றி நம் கடைத்தெருக்களில் தவறான எண்ணங்கள் அதிகம் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன். கெப்பாசிட்டரின் மதிப்பு கல்லில் வெட்டிய எண் கிடையாது. எந்த அலைவெண்ணில், எந்த மின்னழுத்தத்தில், எந்த வெப்பத்தில் அளந்தோம் என்பதைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. மின்வழங்கியில் இருக்கும் 1000 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்கை 100 அல்லது 120 ஹெர்ட்ஸில் அளப்பது வழக்கம். 1 கிலோஹெர்ட்ஸில் அளந்தால் குறைவாகக் காட்டும், கெப்பாசிட்டரின் குற்றமில்லை. அலைபேசி அட்டைகளில் உள்ள பீங்கான் கெப்பாசிட்டர்களில் ஒரு வகை, சோதனை மின்னழுத்தத்தை மாற்றினாலே மதிப்பை மாற்றிக்கொள்ளும். இரண்டு மீட்டர்கள் இரண்டு எண்ணைக் காட்டி, இரண்டுமே சரியாக இருக்கலாம்.

பழுதுபார்ப்பவர்களை அதிகம் ஏமாற்றுவது இ.எஸ்.ஆர். என்று சொல்லும் உள்தடை. வயதான எலக்ட்ரோலிட்டிக் தன் மைக்ரோஃபாரட் மதிப்பை ஏறத்தாழச் சரியாகவே காட்டும். அதன் உள்தடை மட்டும் ஓம்மில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பல ஓம்முக்கு ஏறியிருக்கும். தொலைக்காட்சி எரியாது, மீட்டரோ நல்ல கெப்பாசிட்டர் என்று சொல்லும். 100 கிலோஹெர்ட்ஸில் உள்தடையை அளந்தால்தான் உண்மை தெரியும். சின்ன மதிப்புகளில் வேறு தொல்லை. 10 பைக்கோஃபாரட் துண்டை அளக்கும்போது, சோதனைக் கம்பிகளுக்கே 3 பைக்கோஃபாரட் இருந்தால் விடையில் ஏறத்தாழ 23 விழுக்காடு கம்பியின் பங்கு. அதனால்தான் அளக்கும் முன் கம்பிகளைத் திறந்துவைத்து ஒரு முறை, சேர்த்துவைத்து ஒரு முறை மீட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். மில்லிஓம் அளவுத் தடைகளுக்கு நான்கு கம்பி முறை வேண்டும்: இரண்டு கம்பி மின்னோட்டத்தைக் கொண்டுபோகும், மற்ற இரண்டு அழுத்தத்தை மட்டும் பார்க்கும். கெல்வின் பெயரால் வழங்கும் முறை அது. ஆய்வகத்தில் இந்தக் கருவிகளைத் திருத்த, மதிப்பு நகராத தனிச் செந்தரக் கெப்பாசிட்டர்களும் ரெசிஸ்டர்களும் வைத்திருப்பார்கள். மல்டிமீட்டர் திருத்தும் எல்லா ஆய்வகமும் எல்.சி.ஆர். திருத்த முடியாது. அனுப்பும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளாக இணையக் கடைகளில் சில பத்து ரிங்கிட்டுக்கு ஒரு சிறு பெட்டி கிடைக்கிறது. மூன்று கால்களை எப்படிச் செருகினாலும் அது டிரான்சிஸ்டரா, டயோடா, கெப்பாசிட்டரா என்று படம் போட்டுக் காட்டும். மார்க்குஸ் ஃப்ரேயெக் என்ற ஜெர்மானியர் தொடங்கி, கார்ல்-ஹைன்ஸ் கியூபெலர் விரித்தெழுதிய திறந்த வடிவமைப்பு அதன் மூலம். நம் வட்டாரத்துப் பட்டறைகளில் அதைப் பார்க்காத மேசை குறைவு. நான் அதைப் பழிக்கமாட்டேன். ஒரு மாணவனுக்கு உறுப்புகளை அறிமுகம் செய்ய அதைவிட நல்ல பொருள் இல்லை. அதற்குள் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் முறையும் இருக்கிறது: மூன்று முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துவைத்துத் தொடங்கினால் அதுவே வழிகாட்டும். அதை ஒருமுறையும் செய்யாமலேயே பலர் பயன்படுத்துகிறார்கள். மின்னேறிய கெப்பாசிட்டரை இறக்காமல் செருகினால் உள்ளிருக்கும் சில்லு உடனே போய்விடும். இந்தப் பெட்டிகள் சாவது பெரும்பாலும் இப்படித்தான். அதன் எண்ணை நம்பி ஒரு தொழிற்சாலை முடிவெடுப்பது மட்டும் கூடாது.

தொழிற்சாலை என்றதும் சொல்ல வேண்டிய ஒரு வரலாறு உண்டு. 1971இல் தீர்வையற்ற வணிக வட்டாரச் சட்டம் வந்தது. 1972இலிருந்து சுங்கை வேயில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. அதே ஆண்டு பினாங்கில் ஹியூலட்-பேக்கர்டு கால் பதித்தது. அதன் அளவுக் கருவிப் பிரிவுதான் 1999இல் அஜிலண்ட் ஆகி 2014இல் கீசைட் ஆனது, இன்றும் பினாங்கில் இயங்குகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வந்த காலத்தில், லயங்களிலிருந்து இளம்பெண்கள் விடிவதற்கு முன் கம்பெனி பஸ்ஸில் ஏறி அந்தத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். உலகத் தரத்தில் கருவிகள் திருத்தப்படும் இடத்தில் அவர்கள் வேலை செய்தார்கள். ஒவ்வொரு கருவியிலும் சிறு தாள் ஒன்று ஒட்டியிருக்கும்: திருத்திய நாள், அடுத்துத் திருத்த வேண்டிய நாள். நாள் தாண்டிய கருவியைத் தொடக்கூடாது என்பது அங்கே முதல் வாரப் பாடம். என் அம்மா வயதுப் பெண்களில் பலருக்கு இந்தப் பாடம் தெரியும். ஆனால் அது தோட்டத்துக்குத் திரும்பவில்லை. அவர்களின் தம்பிகளும் பிள்ளைகளும் வயர்மேன்களாகவும் சார்ஜ்மேன்களாகவும் ஆனபோது அவர்கள் பையில் இருந்த மீட்டரில் அந்தத் தாள் ஒட்டியிருக்கவில்லை.

தோட்டத்துக்கு அளவைப் பற்றி வேறொரு நினைவு இருக்கிறது. பால்மரக் காலத்தில் வெட்டியவரின் வருமானம் பால் கொட்டகையில் முடிவாகும். வாளியில் எவ்வளவு பால் என்பது ஒரு பங்கு. அதில் உலர் ரப்பர் எவ்வளவு என்பது இன்னொரு பங்கு. அதை மெட்ரோலாக் என்ற மிதவைக் கோல் சொல்லும். பாலின் வெப்பத்துக்கும், கலந்த தண்ணீருக்கும், கோலைப் படிக்கும் கண்ணுக்கும் ஏற்ப அந்த எண் மாறும். கோல் நிர்வாகத்தினுடையது, படிப்பவர் கிராணி, எழுதும் ஏடும் அவருடையது. வெட்டியவருக்கு அதை மறுபடி அளந்துபார்க்க வழியே இருந்ததில்லை. அளவு பற்றிய சந்தேகம் அந்தத் தலைமுறையின் நெஞ்சில் தீராமல் கிடந்தது. அந்தச் சந்தேகத்தை நான் மதிக்கிறேன். மூன்றாவது ஆள் ஒருவர், இரு தரப்பையும் சாராமல், தெரிந்த அளவோடு ஒப்பிட்டுச் சொல்லியிருந்தால் பாதிச் சண்டை நடந்திருக்காது. அளவுத்திருத்தம் தருவது சரியாக அந்த மூன்றாவது ஆளைத்தான்.

வாணிகத்துக்கு அந்த ஆள் வந்துவிட்டார். 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் காத்தி, பிக்குல் என்ற பழைய எடைகளை விட்டு மெட்ரிக் முறைக்கு நாட்டைக் கொண்டுவந்தது. விற்பனைக்குப் பயன்படும் தராசுகளும் எடைமேடைகளும் குறித்த காலத்தில் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற வேண்டும் என்றும் விதித்தது. சிறுதோட்டக்காரர் தன் செம்பனைக் குலையை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும்போது எடைமேடையில் அந்த முத்திரையைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சட்டத்தின் கண் விற்பவர், வாங்குபவர் என்ற இருவருக்கு இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலின்மேல்தான். பழுதுபார்ப்பவரின் மல்டிமீட்டரும் வயர்மேனின் மெக்கரும் அந்த எல்லைக்குள் வரவில்லை. ஒரு கிலோ தக்காளியைக் காக்கும் முத்திரை, மின்சாரத்தில் கைவைப்பவரின் கருவியில் கிடையாது. ஏன் என்ற கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது.

மெக்கரை எடுத்துக்கொள்வோம். வீட்டு வயரிங்கின் காப்புத்தடையை 500 வோல்ட் கொடுத்து அளக்கும் கருவி. குறைந்தது 1 மெகாஓம் வேண்டும் என்பது பொது அளவுகோல். பழைய தோட்ட வீடுகளில், பலமுறை இழுத்து ஒட்டுப்போட்ட வயரிங்கில், உண்மை அளவு அந்த எல்லைக்கு மேலும் கீழும் ஊசலாடும். மெக்கர் கூட்டிக் காட்டினால் கசியும் வீடு தேறிவிடும். அடுத்து, மனிதனைக் காக்கும் கசிவு அறுப்பான். 30 மில்லிஆம்பியர் கசிந்தால் 0.3 நொடிக்குள் அறுத்துவிட வேண்டும். அதைச் சோதிக்கும் கருவி 30 கொடுப்பதாகச் சொல்லி 40 கொடுத்தால், சோம்பிப்போன அறுப்பானும் தேறிவிடும். குளியலறையில் நீர்ச்சூடாக்கி வைத்த வீட்டில் அந்தப் பத்து மில்லிஆம்பியரின் பொருள் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

ஆலையில் அன்றாடம் நடப்பது இன்னொன்று. மோட்டாரைக் கழற்றும் முன் மின்சாரம் இல்லை என்று மீட்டரால் பார்ப்பார்கள். சுழியம் காட்டுகிறது. மின்சாரம் இல்லாததால் சுழியமா, கம்பி உள்ளே அறுந்ததால் சுழியமா? அதனால் முதலில் மின் இருப்பது தெரிந்த இடத்தில் தொட்டுப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் தொட்டு, மறுபடியும் மின் இருக்கும் இடத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு எந்த ஆய்வகச் சான்றிதழும் ஈடாகாது. சான்றிதழ் ஒரு நாளைய நிலையை மட்டும் சொல்கிறது. மறுநாள் மீட்டர் கீழே விழலாம்.

சான்றிதழ் எங்கிருந்து தன் அதிகாரத்தைப் பெறுகிறது? ஆலையின் மீட்டரை ஷா ஆலாமிலோ பெட்டாலிங் ஜெயாவிலோ உள்ள ஆய்வகம் ஒன்று, தெரிந்த அளவைத் தரும் தன் கேலிப்ரேட்டரோடு ஒப்பிடுகிறது. அந்தக் கேலிப்ரேட்டரை அதைவிடத் துல்லியமான செந்தரத்தோடு ஒப்பிட்டிருப்பார்கள். அந்தப் படிக்கட்டின் உச்சியில், இந்நாட்டில், சிப்பாங்கிலுள்ள தேசிய அளவியல் கழகம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் தேசிய அளவீட்டு முறைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆய்வகங்கள் தகுதியானவைதானா என்று பார்த்து அங்கீகரிப்பது மலேசியத் தர நிர்ணயத் துறையின் சாம் திட்டம், அளவுகோல் ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025, கடைசிப் பதிப்பு 2017. நாட்டுக்கு வெளியே, 1875 மே 20இல் பாரிஸில் கையெழுத்தான மீட்டர் உடன்படிக்கை தேசிய ஆய்வகங்களை இணைக்கிறது. 2019இல் அதே மே 20ஆம் நாள் முதல் ஆம்பியரும் கிலோகிராமும் இயற்கையின் மாறா எண்களை வைத்து வரையறை பெற்றன. பாரிஸ் அருகே ஒரு பெட்டகத்தில் அதுவரை கிலோகிராமாக இருந்த உலோகக் கட்டி பதவி இறங்கியது. மின்னழுத்தத்தை ஜோசஃப்சன் விளைவும் மின்தடையை குவாண்டம் ஹால் விளைவும் தருகின்றன. பெஸ்தாரி ஜெயாவில் ஒரு சார்ஜ்மேன் கையிலுள்ள மீட்டருக்கும் அந்த விளைவுகளுக்கும் நடுவே அறுபடாத சங்கிலி ஒன்று இருக்க முடியும். இருக்கவும் வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மேலே உள்ள அத்தனையும் அந்த மீட்டருக்குப் பயன்படாது.

சான்றிதழைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. கோப்பில் செருகி, தணிக்கையாளர் வந்தால் காட்டுவதோடு அதன் வாழ்வு முடிகிறது. உள்ளே இரண்டு நிரல்கள் முக்கியம். ஒன்று விலகல்: 100 வோல்ட் கொடுத்தபோது 100.3 காட்டியதா, 98 காட்டியதா. மற்றது உறுதியின்மை: அந்த விலகலையே ஆய்வகம் எவ்வளவு நெருக்கமாகச் சொல்ல முடிகிறது, பொதுவாக 95 விழுக்காட்டு நம்பிக்கை அளவில் கொடுப்பார்கள். ஆண்டுதோறும் வரும் சான்றிதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மீட்டரின் போக்கு புரியும். ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகும் மீட்டரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும். ஐந்தாண்டாக அசையாததை இரண்டாண்டுக்கு ஒருமுறை அனுப்பினாலும் போதும். ஆண்டுக்கு ஒன்று என்பது பொது வழக்கம்தான். கருவியின் வரலாறுதான் இடைவெளியைச் சொல்ல வேண்டும்.

செலவுதான் பெரிய தடை என்கிறார்கள். உண்மைதான். மலிவான மீட்டரை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் திருத்தும் கட்டணம் அதன் விலையையே தாண்டக்கூடும். அதனால், தூக்கிப்போட்டுப் புதிது வாங்கிவிடலாம் என்ற வாதம் பலமாக ஒலிக்கிறது. எனக்கு அதில் பாதி உடன்பாடு. சில பத்து ரிங்கிட் மீட்டரைப் பழுதுபார்க்க கோலாலம்பூர் ஜாலான் பாசாருக்குப் போய் உறுப்பு வாங்கி வருவது கணக்குக்கு ஒத்துவராது. ஆனால் புதிய மீட்டர் சரியாகத்தான் இருக்கும் என்பதை எதை வைத்து நம்புவது? பெட்டிக்குள் இருக்கும் தாளில் தேறியது என்று அச்சடித்திருப்பதைத் தவிர மலிவான மீட்டர்களில் வேறு எதுவும் இராது. மறுபக்கம், நல்ல ஃப்ளூக் அல்லது ஹியோக்கி மீட்டர் பதினைந்து, இருபது ஆண்டு உழைக்கும். அதைத் தூக்கிப்போடுவது பாவம். சுவிட்சைத் துடைத்து, சரியான ஃபியூஸ் போட்டு, திருத்தத்துக்கு அனுப்பினால் அது இன்னொரு தலைமுறைக்கு வரும்.

ஒவ்வொரு மீட்டரையும் ஆய்வகத்துக்கு அனுப்பத் தேவையில்லை என்பதே என் முடிவு. ஓர் ஆலைக்கோ பட்டறைக்கோ ஒரே ஒரு நல்ல மீட்டரை மூத்ததாக வைத்துக்கொள்ளலாம். அதை வேலைக்கு எடுக்கக்கூடாது. ஈரமுறிஞ்சிப் பையோடு மூடிய பெட்டியில் வைத்து, ஆண்டுதோறும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மற்ற மீட்டர்களை மாதம் ஒருமுறை அதோடு ஒப்பிட்டு ஏட்டில் எழுதலாம். கூடவே, 0.01 விழுக்காட்டுத் துல்லிய ரெசிஸ்டர்கள் சில, வெப்பத்துக்கு அசையாத சி0ஜி வகைக் கெப்பாசிட்டர்கள் சில, ஒரு மின்னழுத்த ஆதாரச் சில்லு. இவ்வளவையும் வாங்க ஒரு நல்ல மீட்டரின் விலையில் சிறு பங்கு போதும். இவை ஆய்வகத்துக்கு மாற்றாகா. ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய நாள் வருவதற்கு முன்பே ஒரு மீட்டர் நகர்ந்துவிட்டால் எச்சரிக்கும்.

பக்கத்தில் ஆய்வகம் இல்லாததும் ஒரு குறைதான். சபாக் பெர்ணமிலிருந்து ஷா ஆலாமுக்குக் கருவியை அனுப்பி, காத்திருந்து, திரும்பப் பெறும்வரை வேலை நிற்கும். இதற்குக் கோயம்புத்தூரில் ஒரு முன்மாதிரி உண்டு. அங்கே பம்பும் மோட்டாரும் செய்யும் சிறுதொழில்கள் தனித்தனியே சோதனைக்கூடம் வைக்க முடியாது என்பதால் அவற்றின் சங்கம் முன்னின்று சிட்டார்க் என்ற பொது ஆய்வகத்தை உருவாக்கியது. பம்பு, மோட்டார் சோதனையோடு கருவிகளுக்கு அளவுத்திருத்தமும் அங்கே நடக்கிறது. நம் வட்டாரத்தில் ஆலைகள் இருக்கின்றன, பெஸ்தாரி ஜெயாவிலேயே சிலாங்கூர் பல்கலைக்கழகம் இருக்கிறது, தொழிற்கல்விப் பட்டறைகள் இருக்கின்றன. மலேசியத் திறன் சான்றிதழ் எனும் எஸ்.கே.எம். படிக்கும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வயரிங்கிலும் குளிர்சாதனத்திலும் வாகனத்திலும் நிற்கிறார்கள். அளவியலைத் தொழிலாக யாரும் அவர்களுக்குக் காட்டியதில்லை. கைச்சுத்தமும் பொறுமையும் கேட்கும் வேலை. உடல் வலிமை கேட்காது. தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கும் கதவு திறந்திருக்கும் வேலை.

பொது ஆய்வகம் தொடங்க முதலில் பெரிய இயந்திரம் தேவையில்லை. 23 பாகையில் நிலைத்து நிற்கும், ஈரம் கட்டுக்குள் இருக்கும் ஓர் அறை வேண்டும். மின்வெட்டு வந்தாலும் அந்த அறையின் வெப்பத்தை மணிக்கு மணி பதியும் ஒரு பதிவி வேண்டும். இரண்டாவதாக ஒரு கேலிப்ரேட்டர், அதைச் சிப்பாங்கோடு இணைக்கும் சான்றிதழ். மூன்றாவது, ஆட்கள். அங்கீகாரம் கேட்டுப் போகும் முன், வேறொரு ஆய்வகம் அளந்த அதே கருவியைத் தாங்களும் அளந்து, இரண்டு விடைகளும் உறுதியின்மைக்குள் ஒத்துவருகின்றன என்று காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தது இரண்டாண்டு ஏடுகள் தேவைப்படும் என்று நினைக்கிறேன். மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், மெக்கர் மூன்றோடு தொடங்கலாம். வந்துசேரும் வேலையில் பெரும்பங்கு இவைதான். எல்.சி.ஆர். மீட்டரைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம், செந்தரக் கெப்பாசிட்டர் வாங்கப் பணம் சேர்ந்தபிறகு.